"நம்பர் ஒன் ராக் ஹிட்"டுன்னு சொன்னா நம்பறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது – சேலத்து பேண்ட் பசங்களுக்கும் க்விஸ் பசங்களுக்கும்

கல்சுரல்ஸ் சீசன் வந்துருச்சுன்னா நம்ம சேலத்துல ஒரு வியாதி கெளம்பிரும். ஸ்டேஜ்ல பேண்ட் ஏறும், ஆங்கர் மைக்க புடிச்சு "அடுத்து வர்றது உலக சார்ட்டுலயே நம்பர் ஒன் வந்த பாட்டு"ன்னு ஒரு போடு போடுவான், கீழ இருக்கறவங்க கத்துவாங்க, எந்த சார்ட்டு, எந்த நாடு, எந்த வருஷம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சார்ட்டுன்னா வாராவாரம் எந்த பாட்டு எத்தனாவது எடம்னு போடற லிஸ்ட். உலக சார்ட்டுன்னு அமெரிக்க மியூசிக் பத்திரிகை பில்போர்டு ஒன்ன ஆரம்பிச்சதே 2020 செப்டம்பர்ல தான்! அதுக்கு முன்னாடி வந்த பாட்டுக்கு அந்த பட்டம் எங்கருந்து வந்துச்சு?

அதனால ஒரு சிங்கிள், அதாவது தனியா வெளியிடற ஒரு பாட்டு, சார்ட்டுல எப்படி ஓடுச்சுன்னு நீங்களே பாத்து எழுதறது எப்படின்னு சொல்றேன். போஸ்டர் அடிக்கறவங்க, க்விஸ் கேள்வி போடறவங்க, கவர் பாடறதுக்கு முன்னாடி ரெண்டு வரி பேசணும்னு நெனைக்கறவங்க எல்லாருக்கும் ஆகும்.

மொதல்ல ஒரு ஷீட்ட போட்டுக்கங்க, மொபைல்லயே போதும். நாடு, சார்ட் பேரு, உள்ள வந்த தேதி, பீக் (ஏறின உச்ச எடம்) எவ்வளவு, பீக்குல எத்தன வாரம், மொத்தம் எத்தன வாரம். இந்த ஆறுல ஒன்னு காலியா இருந்தாலும் "நம்பர் ஒன்"னு வாய தொறக்கக்கூடாது, அவ்ளோதான் ரூல்.

ஒரு பாட்ட எடுத்துக்குவோம். கருப்பூர் பக்கம் எந்த ஹாஸ்டல்ல போய் கேட்டாலும் தெரிஞ்ச பாட்டு, லிங்கின் பார்க்கோட "இன் தி எண்ட்". "ஹைப்ரிட் தியரி" ஆல்பம் 2000 அக்டோபர்ல வந்துச்சு, இந்த பாட்டு சிங்கிளா வந்தது ஒரு வருஷம் கழிச்சு 2001 அக்டோபர்ல. நம்ம பசங்க சத்தியம் பண்ணி சொல்லுவாங்க இது அமெரிக்காவுல நம்பர் ஒன்னுன்னு. இல்லீங்க. அமெரிக்காவோட மெயின் சார்ட்டான பில்போர்டு ஹாட் 100ல இதோட பீக் 2 தான், 2002 மார்ச்ல. மேல உக்காந்திருந்தது ஜெனிஃபர் லோபஸோட "எய்ன்ட் இட் ஃபன்னி", அது எறங்கவே இல்ல. ஆனா சொல்றவன் முழுசா பொய்யும் சொல்லல, ஏன்னா அதே பில்போர்டுல மாடர்ன் ராக் ட்ராக்ஸ்னு ஒரு சார்ட் இருந்துச்சு, அதுல இந்த பாட்டு 1 புடிச்சுது. யுகேல பீக் 8. அப்ப ஒரே பாட்டு, 1, 2, 8ன்னு மூணு நம்பர், மூணும் கரெக்ட்டு. எந்த சார்ட்டுன்னு சொல்லாம நம்பர் மட்டும் சொன்னா தான் தப்பு.

மாடர்ன் ராக் ட்ராக்ஸ்ங்கறது (இப்ப ஆல்டர்நேட்டிவ் ஏர்ப்ளேன்னு பேரு) ரேடியோவுல அந்த வகை ஸ்டேஷனுங்க எத்தன தடவ ஓட்டுச்சுங்கறது மட்டும் தான் கணக்கு. எவன் வாங்கினான், எவன் போன்ல கேட்டான், ஒன்னும் வராது. ஹாட் 100 அப்படி இல்ல, எல்லா வகை பாட்டும் ஒரே தட்டுல, விற்பனை, ரேடியோ, ஸ்ட்ரீமிங் மூணையும் சேத்து கூட்டறது. ராக் பேண்டுங்களுக்கு ராக் சார்ட்டுல 1 வர்றதும் ஹாட் 100ல 1 வர்றதும் வேற வேற உயரம். போஸ்டர்ல "பில்போர்டு நம்பர் 1"னு மொட்டையா இருந்தா முக்காவாசி நேரம் அது ஏதோ ஒரு ராக் சார்ட்டு தான்.

இன்னொன்னு, பீக்க மட்டும் பாத்து தீர்ப்பு சொல்லாதீங்க. 2002 வருஷ கடைசியில பில்போர்டு போட்ட இயர் எண்ட் லிஸ்ட்ட பாருங்க. மொத இடம் நிக்கல்பேக்கோட "ஹவ் யூ ரிமைண்ட் மீ", ராக் பேண்டு தான், சந்தோஷம். "இன் தி எண்ட்" 7. அதுக்கு மேல 5ல இருக்கறது தி காலிங்ங்கற பேண்டோட "வேர்எவர் யூ வில் கோ". அந்த பாட்டோட வாராந்திர பீக்கே 5 தான்! 2 வரைக்கும் போன பாட்டு கீழ, 5ஐ தாண்டாத பாட்டு மேல. எப்படின்னா அது வருஷம் பூரா மெதுவா நின்னு ஆடிருக்கு. இயர் எண்ட் லிஸ்ட் முழு வருஷ புள்ளியையும் கூட்டறது, அதனால அந்த ஷீட்டுல "மொத்தம் எத்தன வாரம்"ங்கற கட்டம் ரொம்ப முக்கியம்.

இந்த வார விஷயத்துல எனக்கு புடிச்ச உதாரணம் கிளாஸ் அனிமல்ஸோட "ஹீட் வேவ்ஸ்". இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு பசங்க. பாட்டு வந்தது 2020 ஜூன். ஹாட் 100ல 1 புடிச்சது 2022 மார்ச். உள்ள வந்து 59ஆவது வாரம்! 20 கொண்டை ஊசி வளைவுலயும் கியர மாத்தி மாத்தி ஏற்காடு பஸ்ஸு ஏறுமே அந்த மாதிரி ஏறிருக்கு, மேல போய் 5 வாரம் நின்னுச்சு, மொத்தம் 91 வாரம் சார்ட்டுல இருந்துச்சு. இமேஜின் டிராகன்ஸோட "ரேடியோஆக்டிவ்" 87 வாரம் இருந்துச்சு, பீக் 3. இன்னும் மோசம், அதாவது இன்னும் அழகு, தி கில்லர்ஸோட "மிஸ்டர் பிரைட்சைட்". யுகேல 2004ல பீக் 10, அமெரிக்காவுல 2005ல பீக் 10. நம்பர பாத்தா சாதா ஹிட்டு. ஆனா யுகே டாப் 100ல 400 வாரத்துக்கு மேல இருந்திருக்கு, வெளிய போகும், திரும்ப வரும், போகும், வரும். இத சாதா ஹிட்டுன்னு எழுதினா உங்கள என்ன சொல்றது.

இதுக்கு நேர் எதிரா ஈகிள்ஸ் பேண்டோட "ஹோட்டல் கலிஃபோர்னியா". ஏற்காடு ரிசார்ட்டுல கேம்ப்ஃபயர் போட்டா கிட்டார் வச்சிருக்கறவன் கை தானா அதுக்கு தான் போகும், நம்ம ஊர்ல அதுக்கு இருக்கற மவுசுக்கு பத்து வாரமாச்சும் நம்பர் ஒன்னா இருந்திருக்கும்னு நெனைப்போம். ஹாட் 100ல 1 வந்தது 1977 மே மாசம், ஒரே ஒரு வாரம். யுகேல 8 தான். கிட்டார் கிளாஸ்ல சேந்ததும் மொத மாசம் எல்லாரும் வாசிக்கற "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" 1973ல அமெரிக்காவுல 4 வரைக்கும் போச்சு. மெட்டாலிகாவோட "நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்" ஹாட் 100ல 34ஐ தாண்டல. நம்மூர் பேண்டு எது வாசிக்குதுங்கறதுக்கும் அங்க சார்ட்டுல எது ஏறுச்சுங்கறதுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல, இத ஒத்துக்கிட்டா பாதி சண்ட தீந்துரும்.

அடுத்தது தான் நெறய பேர் கோட்ட விடற எடம். அந்த வருஷத்துல ரூல் என்ன இருந்துச்சுன்னு பாக்கணும். ஹாட் 100 ஆரம்பிச்சது 1958 ஆகஸ்ட் 4. ரொம்ப வருஷம் கடைக்காரங்களயும் ரேடியோகாரங்களயும் கேட்டு தான் லிஸ்ட் போட்டாங்க, அவங்க சொல்றது தான் கணக்கு. 1991 நவம்பர்ல இருந்து தான் பில்லு போடறப்ப பார்கோடுல இருந்து நேரா வர்ற விற்பனைக் கணக்கும், மெஷின் வச்சு எண்ணின ரேடியோ கணக்கும் வந்துச்சு. 2005ல டவுன்லோடு சேந்துச்சு, 2013ல யூடியூப் வியூஸ். அதனால 1975 பாட்டையும் 2020 பாட்டையும் பக்கத்துல நிக்க வச்சு எது பெருசுன்னு கேட்டா அது கேள்வியே கெடையாது.

ரூலால அடி வாங்கின பாட்டுக்கு கூ கூ டால்ஸோட "ஐரிஸ்"ஸ விட்டா வேற உதாரணம் வேணாம். ரீல்ஸ்ல இப்பவும் ஓடுது, உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். 1998ல வந்த பாட்டு. அந்த காலத்துல ஹாட் 100க்குள்ள வரணும்னா பாட்டு தனி சிங்கிளா, கேசட்டோ சிடியோ, கடையில விக்கணும். கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க, சிங்கிள் விட்டா ஒரு பாட்டுக்கு கம்மி காசு தான் வரும், விடலன்னா அந்த ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்குவானுங்கன்னு சிங்கிளே போடாம ரேடியோவுக்கு மட்டும் குடுத்தாங்க. "ஐரிஸ்" ரேடியோவ மட்டும் கணக்கு பண்ற ஹாட் 100 ஏர்ப்ளே சார்ட்டுல 18 வாரம் நம்பர் 1! அந்த நேரம் மெயின் ஹாட் 100ல? பேரே இல்ல. 1998 டிசம்பர் 5 தேதி போட்ட சார்ட்டுல இருந்து ரூல மாத்தி, சிங்கிள் விக்காத பாட்டும் ரேடியோ கணக்குல உள்ள வரலாம்னாங்க, அதுக்குள்ள பாட்டோட சூடு கொறஞ்சு போச்சு, உள்ள வந்து 9 புடிச்சுது. இன்னிக்கு ஒருத்தன் ஷீட்டுல "ஐரிஸ், பீக் 9"னு எழுதி வச்சிருந்தா நம்பர் சரி, ஆனா விஷயம் தப்பு. நோ டவுட்டோட "டோன்ட் ஸ்பீக்"கும் இதே கத, ஏர்ப்ளேல 16 வாரம் 1, ஹாட் 100ல ஆளே இல்ல. லெட் செப்பெலின் "ஸ்டேர்வே டு ஹெவன்"ன அமெரிக்காவுல சிங்கிளாவே விடல, அதனால 1971ல வந்த அந்த பாட்டு அப்ப ஹாட் 100ல ஏறலன்னு சொல்லி யாராச்சும் மட்டம் தட்டினா இத சொல்லி வாய அடைங்க.

அதனால ஷீட்டுல ஏழாவதா ஒரு கட்டம் சேத்துக்கங்க: குறிப்பு. "அப்ப சிங்கிள் விக்கல", "படத்துல வந்ததால திரும்ப ஏறுச்சு", இந்த மாதிரி. குயீன் பேண்டோட "பொஹீமியன் ராப்சொடி"க்கு இந்த கட்டம் இல்லன்னா எழுதவே முடியாது. யுகேல 1975 கடைசில ஆரம்பிச்சு 9 வாரம் நம்பர் 1. ஃப்ரெட்டி மெர்க்குரி 1991 நவம்பர்ல எறந்ததும் திரும்ப விட்டாங்க, இன்னொரு 5 வாரம் நம்பர் 1. அமெரிக்காவுல மொத தடவ 1976ல பீக் 9, அப்பறம் 1992ல "வெய்ன்ஸ் வேர்ல்டு" படத்துல கார்ல உக்காந்து தலைய ஆட்டற சீன் வந்துச்சே, அந்த வேகத்துல 2 வரைக்கும் போச்சு. ஒரு பாட்டு, ரெண்டு ஜென்மம். ரீ-என்ட்ரி ஆன பாட்டுக்கு ஒவ்வொரு தடவைக்கும் தனி வரி போடணும், ஒன்னா கலந்துறாதீங்க.

தேதி விஷயத்துல சின்னதா ஒரு கண்ணி இருக்கு. பில்போர்டு இப்ப வெள்ளிக்கெழம ஆரம்பிச்சு வியாழக்கெழம முடியற வாரத்துக்கு கணக்கு எடுக்குது, அடுத்த வாரம் லிஸ்ட் விடுது, ஆனா அதுல போட்டிருக்கற தேதி அதுக்கும் அடுத்து வர்ற சனிக்கெழம. அதாவது கணக்கு முடிஞ்சு ஒன்பது நாள் தள்ளி தேதி. "பாட்டு வந்து இவ்ளோ நாளாச்சே, லேட்டா ஏறிருக்கே"ன்னு நெனைக்க வேணாம். யுகே சார்ட்டும் அதே வெள்ளி டு வியாழன் தான், ஆனா அவங்க வெள்ளிக்கெழமையே சொல்லிருவாங்க, நமக்கு ராத்திரி ஆயிரும்.

யுகே பத்தி பேசறப்ப ஒன்ன சொல்லாம போனா பாவம். அங்க கிறிஸ்மஸ் வாரம் யாரு நம்பர் 1ங்கறது பெரிய கௌரவம். 2005ல இருந்து 2008 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் ஒரு டிவி பாட்டு போட்டி ஜெயிச்சவங்க தான் அத தூக்கிட்டு போனாங்க. கடுப்பான ஒரு ஜோடி ஃபேஸ்புக்ல குரூப் ஆரம்பிச்சு, எல்லாரும் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினோட "கில்லிங் இன் தி நேம்"ம அந்த வாரம் டவுன்லோடு பண்ணுங்கன்னாங்க. 1992 பாட்டு, கெட்ட வார்த்தை வேற கொட்டிக் கெடக்கும். 2009 கிறிஸ்மஸ்க்கு 5 லட்சத்துக்கு மேல வித்து நம்பர் 1 ஆயிருச்சு. 1993ல அதே பாட்டு அதே நாட்டுல 25க்கு மேல ஏறல! இது கள்ளக்கணக்கு இல்ல, ஒவ்வொன்னும் நெஜமா காசு குடுத்து வாங்கினது. ஆனா சார்ட்டுங்கறது "எது நல்ல பாட்டு"ன்னு சொல்ற பரீட்ச இல்ல, அந்த ஒரு வாரத்துல எத்தன பேர் என்ன பண்ணாங்கங்கற கணக்கு, அவ்ளோதான்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். "நாங்க இங்க இருந்து ஸ்ட்ரீம் பண்ணி ஹாட் 100ல ஏத்தறோம்"னு கெளம்பற ஃபேன்ஸ் க்ரூப் பசங்களுக்கு: ஹாட் 100 அமெரிக்காவோட சார்ட். நம்ம சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல உக்காந்து ராத்திரி பூரா லூப்ல ஓட்டினாலும் அதுல ஒரு புள்ளி ஏறாது. நம்ம கேக்கறது சேர்ற எடம் வேற: பில்போர்டு குளோபல் 200, அமெரிக்காவ விட்டுட்டு போடற குளோபல் லிஸ்ட், அப்பறம் இந்தியாவுக்குன்னு இருக்கற லிஸ்ட்டுங்க. 2021ல இருந்து இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரிங்கற மியூசிக் கம்பெனிங்களோட சங்கம், இங்க எந்த வெளிநாட்டு பாட்டு அதிகமா ஸ்ட்ரீம் ஆகுதுன்னு இன்டர்நேஷனல் டாப் 20 சிங்கிள்ஸ்னு ஒன்னு போடறாங்க, ராக் பாட்டு இந்தியாவுல எங்க நிக்குதுன்னு பாக்க அது சரியான எடம். பில்போர்டு கணக்குல காசு கட்டி கேக்கற ஸ்ட்ரீமுக்கு வெயிட் அதிகம், விளம்பரத்தோட ஓசில கேக்கறதுக்கு கம்மி. நம்மள்ல முக்காவாசி பேரு எந்த பக்கம்னு சொல்லவே வேணாம்.

ஸ்பாட்டிஃபைல 30 செகண்டு ஓடினா தான் ஒரு ஸ்ட்ரீமா எண்ணும். மேல ஏற்காட்டுக்கு போறப்ப வளைவுல சிக்னல் போயிரும்னு டவுன்லோடு பண்ணி கேக்கறவங்க கவலப்பட வேணாம், ஆஃப்லைன்ல கேட்டதும் போன் நெட்டுக்கு வந்ததும் கணக்குல சேந்துரும்.

ரெண்டு ஏமாத்து வேலைய மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. ஒன்னு, "ஐட்யூன்ஸ் ராக் சார்ட்டுல நம்பர் 1"னு ஸ்க்ரீன்ஷாட். காசு குடுத்து பாட்டு வாங்கறவன் கம்மியா இருக்கற நாட்டுல, அதுலயும் ராக்குன்னு ஒரு வகைக்குள்ள, கொஞ்ச பேர் ஒரே நேரத்துல வாங்கினாலே மேல வந்துரும், கொஞ்ச நேரத்துல எறங்கிரும். அது வார சார்ட்டு கெடையாது. ரெண்டாவது, கோல்டு, பிளாட்டினம். அது சார்ட் பொசிஷனே இல்ல, மொத்த விற்பனைக்கு குடுக்கற பட்டம். அமெரிக்காவுல 5 லட்சம் யூனிட் கோல்டு, 10 லட்சம் பிளாட்டினம், 1 கோடி டைமண்டு, 150 ஸ்ட்ரீம் ஒரு யூனிட். கம்பெனி விண்ணப்பம் போட்டா தான் குடுப்பாங்க, தானா வராது. சார்ட்டுல 34 வந்த பாட்டு வருஷக்கணக்கா வித்து பிளாட்டினம் வாங்கலாம், தப்பே இல்ல.

இதெல்லாம் படிச்சா பாதி தான் புரியும், முழுசா புரியணும்னா நம்ம ஊருக்கு ஒரு சின்ன சார்ட் நீங்களே போட்டு பாக்கணும். நாலஞ்சு பேர் சேருங்க. வாரம் எது டு எதுன்னு முடிவு பண்ணுங்க, வெள்ளி டு வியாழனே வச்சுக்கலாம். ஒருத்தருக்கு ஒரு சீட்டு, அந்த வாரம் தான் அதிகமா கேட்ட அஞ்சு ராக் பாட்டு, மேல இருக்கறதுக்கு 5 புள்ளி, கடைசிக்கு 1. "புடிச்ச பாட்டு"ன்னு கேக்காதீங்க, கேட்டா எல்லாரும் பெரிய மனுஷன் மாதிரி பிங்க் ஃப்ளாய்டுன்னு எழுதுவான், போன்ல ஓடறது வேற. மியூசிக் ஆப் ஹிஸ்டரிய காட்டச் சொல்லி பாத்து எழுதுங்க.

யார கேக்கறீங்கங்கறது தான் பெரிய விஷயம். கருப்பூர் ஹாஸ்டல்ல மட்டும் கேட்டீங்கன்னா லிஸ்ட் பூரா லிங்கின் பார்க்கும் மெட்டாலிகாவும் தான், அது சேலம் சார்ட் இல்ல, ஹாஸ்டல் சார்ட். அஞ்சு ரோடு பக்கம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்ட, குகை, சாயங்காலம் தட்டுவட செட்டு கடையில நிக்கற கூட்டம், மேல ஏற்காட்டுல படிக்கற பசங்கன்னு ஒவ்வொரு எடத்துலயும் சரிசமமா ஆள் எடுங்க. ஒரு எடத்துல கம்மியா கெடச்சா அந்த எடத்துக்கு எவ்ளோ வெயிட்டுன்னு எண்ணறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுருங்க, எண்ணின பின்னாடி பேசினா உங்களுக்கு புடிச்ச பாட்டுக்கு சாதகமா தான் பேசுவீங்க. கூட்டுக்காரன் ஒருத்தன் தன்னோட பேண்டு சிங்கிளுக்கே பத்து சீட்டு கொண்டாந்து போடுவான், கண்டிப்பா போடுவான். அதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுங்கற ரூல ஸ்ட்ரிக்ட்டா புடிங்க, எதிர்ல நின்னு எழுதினா மட்டும் தான் செல்லும்.

நாலஞ்சு வாரம் ஓட்டினீங்கன்னா ஒரு தொல்ல வரும், பழைய பாட்டு எறங்கவே எறங்காது. பில்போர்டுக்கும் இதே தலவலி தான், அதனால 20 வாரம் முடிஞ்ச பாட்டு 50க்கு கீழ போனா லிஸ்ட்ட விட்டே தூக்கிருவாங்க. யுகேல பழைய பாட்டு வரிசையா எறங்க ஆரம்பிச்சா அதோட ஸ்ட்ரீமுக்கு பாதி வெயிட் தான். நீங்களும் பத்து வாரம் ஆன பாட்டு டாப் 5ஐ விட்டு எறங்குச்சுன்னா தூக்கிருங்க. "இன் தி எண்ட்"ட தூக்கினதும் ஹாஸ்டல் பசங்க சண்டைக்கு வருவானுங்க. பழசுக்குன்னு தனியா ஒரு பத்து போட்டு அதுல சேத்து விட்டுருங்க. யாராச்சும் சீட்டுல ராஜா சார் பாட்ட எழுதி "பேஸ் கிட்டார கேளுங்க, இது ராக்கு தான்"னு வாதாடினா ஏத்துக்கறதா வேணாமான்னு மொத வாரமே முடிவு பண்ணிக்கங்க, ஏத்துக்கிட்டீங்கன்னா அந்த பழைய பத்துல மொத அஞ்சு எடத்த இப்பவே எழுதி வச்சுரலாம்.